கொட்டேஷனில் வராத விலை

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது என் அம்மாவைக் கவனித்திருக்கிறேன். விலையைக் கேட்டவுடன் பையை நீட்டிவிட மாட்டார். ஒவ்வொரு காயாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். ஓட்டை தெரிந்தால் கீழே போட்டுவிடுவார். "அஞ்சு ரூபா கொறச்சுக் குடுக்கறான்னு சொத்தையை வாங்கிட்டு வந்தா, பாதி குப்பைக்குத்தான போகும்?" என்பார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத என் அம்மாவுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கோடிக்கணக்கில் பொருள் வாங்கும் கம்பெனிகளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் பல நேரங்களில் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. அது ஏன், போட்டால் என்ன நடக்கும் என்பதை எனக்குத் தெரிந்த வரையில் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். ஆகவே எழுத்தில் பிழை இருந்தால் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்!

சிவப்பு மை வட்டம்

திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு 15 நாள் இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தேன். எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் வேலை பழகலாம் என்று ஆசையோடு போனவனை, மூன்றாம் நாளே பர்ச்சேஸ் செக்ஷனில் ஃபைல் அடுக்க அனுப்பிவிட்டார்கள். முதலில் எனக்கு வருத்தம்தான். ஸ்பேனர் பிடிக்க வந்தவன் கையில் பஞ்சிங் மிஷினைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஆனால் அந்த டிரெய்னிங்கில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த அறையில்தான்.

ஒரு கம்பெனி பொருள் வாங்குவது நாம் கடைக்குப் போய் வாங்குவது மாதிரி அல்ல. பொருள் தேவைப்படும் பிரிவு முதலில் இன்டென்ட் எழுதுகிறது. அதை வைத்து பர்ச்சேஸ் செக்ஷன் மூன்று நான்கு சப்ளையர்களுக்கு என்கொயரி அனுப்புகிறது. அவர்கள் கொட்டேஷன் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினால் அதுதான் கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட். அதில் விலை, வரி, டெலிவரி நாள், பணம் கொடுக்கும் தவணை என்று கட்டம் கட்டமாக இருக்கும். குறைந்த விலை சொன்னவருக்கு எல்-1 என்று பெயர். அவர் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அவ்வளவுதான், பர்ச்சேஸ் ஆர்டர் கிளம்பிவிடும்.

நான் அடுக்கிய ஃபைல்களில் ஊசி முதல் பாய்லர் வால்வு வரை இருந்தது. ஒரு தாளில்கூட அந்தப் பொருள் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும், பழையதானால் எங்கே போகும் என்று கேட்கும் கட்டத்தை நான் பார்க்கவில்லை.

கடுகும் பூசணிக்காயும்

கடுகு போன இடத்தை ஆராய்ந்தவன் பூசணிக்காய் போன இடத்தை விட்டானாம். இந்தப் பழமொழிக்கு நம் டிபார்ட்மென்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. அதுதான் மோட்டார்.

7.5 கிலோவாட், அதாவது 10 எச்.பி., 4 போல் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்வதேசத் தர வரிசைப்படி ஐ.இ.2 வகையின் எஃபிஷியன்ஸி 88.7 சதவீதம். ஐ.இ.3 வகைக்கு 90.4 சதவீதம். வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஃபுல் லோடில் வருடத்துக்கு 6000 மணி நேரம் ஓடுவதாகவும், யூனிட் 7 ரூபாய் என்றும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஐ.இ.2 மோட்டார் இழுப்பது 8.46 கிலோவாட். ஐ.இ.3 இழுப்பது 8.30 கிலோவாட். வருடத்துக்கு ஏறத்தாழ 950 யூனிட் மிச்சம். பணமாகச் சொன்னால் 6,600 ரூபாய்க்கு மேல். ஐ.இ.3 மோட்டார் ஐந்தாறாயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிடும். பதினைந்து வருடம் ஓடினால் மிச்சம் ஒரு லட்ச ரூபாய். நம் நாட்டு மின் உற்பத்தியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகிறது. அப்படியானால் இந்த ஒரு மோட்டாரினால் மட்டும் வருடத்துக்கு 650 கிலோவுக்கு மேல் புகை குறைகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஐ.இ.2 மோட்டார் பதினைந்து வருடத்தில் குடிக்கும் கரண்டின் விலை 53 லட்ச ரூபாய். வாங்கும் விலையை முப்பதாயிரம் என்று வைத்தால்கூட அது கடுகு. கரண்ட் பில்தான் பூசணிக்காய். கொட்டேஷனில் நாம் பேரம் பேசுவது கடுகுக்கு! வாங்கும் விலை, ஓட்டும் செலவு, பராமரிப்பு, கடைசியில் கழிக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதை ஆயுட்கால அடக்க விலை என்பார்கள். சுற்றுச்சூழலைக் காக்கும் கொள்முதலுக்கு இதுதான் முதல் பாடம். தர்மத்துக்காகச் செய்ய வேண்டியதில்லை, லாபத்துக்காகவே செய்யலாம்.

யாருடைய பாக்கெட்டிலிருந்து?

மோட்டார் விஷயத்தில் நஷ்டம் வாங்கியவனுக்கே. ஆகவே என்றாவது ஒரு நாள் அவனே திருந்திவிடுவான். ஆனால் இன்னொரு வகைச் செலவு இருக்கிறது. வாங்குபவன் ஒருவன், பில் கட்டுபவன் வேறொருவன். இதை எங்கள் குடும்பக் கதையை வைத்தே சொல்கிறேன்.

என் அப்பாருக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, நொய்யல் ஆற்றோரம் இரண்டு ஏக்கர் பூமி இருந்தது. வெள்ளிங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கிறது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அப்பாருடைய கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. தென்னை காய்க்கவில்லை, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. விவசாயத்தை விட்டுவிட்டு அப்பா திருப்பூருக்கு வேலை தேடிப் போனார். வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? ஒரு சாயப்பட்டறை!

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் துணியைப் பிடிப்பதற்காகத் தண்ணீரில் உப்பு போடுவார்கள். நிறத்தின் அழுத்தத்தைப் பொறுத்து லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை பிடிக்கும். அந்த உப்பு துணியில் தங்காது. போட்டதெல்லாம் அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டால் வடிகட்டியோ, சுண்ணாம்பு போட்டோ, பாக்டீரியா விட்டோ எடுக்க முடியாது. நிறம் போன தண்ணீரைப் பார்த்து சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம், உப்பு உள்ளேயேதான் இருக்கும்.

கீழ்ப்பகுதி ஆயக்கட்டு விவசாயிகள் 2003-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிலைக்கு வர வேண்டும் என்று 2006-ல் உத்தரவு வந்தது. 2009-ல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அப்பாவுக்கு வேலை போயிற்று. நான் அப்போது சிறு குழந்தை. பல மாதம் அப்பா லோடு ஏற்றும் வேலைக்குப் போனதாகவும், அரிசி கடனுக்கு வாங்கியதாகவும் அம்மா சொல்வார்.

நண்பர்களே, இங்கே சற்று நின்று யோசித்துப் பாருங்கள். தோட்டம் போனது என் அப்பாருக்கு. வேலை போனது என் அப்பாவுக்கு. பட்டறை முதலாளிகளில் சின்னவர்கள் பலரும் கடனில் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்தத் துணியை ஆர்டர் கொடுத்து வாங்கிய கடல்கடந்த கடை எதுவும் மூடப்படவில்லை. அவர்கள் கொட்டேஷன் கேட்டார்கள், குறைந்த விலைக்கு வட்டம் போட்டார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்யாதவன்தானே குறைந்த விலை சொல்ல முடியும்? சுத்தம் செய்யாமல் மிச்சம் பிடித்த அந்தக் காசு, பனியனின் விலையில் வராமல், எங்கள் கிணற்றில் வந்து சேர்ந்தது.

மிஷின் வாங்கும்போதே ஆற்றின் தலையெழுத்து

பிறகு ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், எவாப்பரேட்டர் எல்லாம் வைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தயாரான பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். உப்பையும் மீட்கிறார்கள். என் அப்பாவுக்கு இன்று அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில்தான் வேலை. "அன்னிக்கு உப்பை ஆத்துல உட்டோம், இன்னிக்கு அதையே மூட்டை புடிக்கறோம் கண்ணு" என்று சிரிப்பார்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்க நிறைய கரண்டும் நீராவியும் வேண்டும். பாய்லரில் விறகு எரிகிறது. ஆற்றைக் காப்பாற்றப் போய் காற்றில் புகை விடுகிறோம். ஆகவே கழிவைச் சுத்தம் செய்வதைவிட, உண்டாகாமல் பார்த்துக்கொள்வதே மேல். அது பர்ச்சேஸில்தான் ஆரம்பிக்கிறது.

சாயமேற்றும் மிஷின் ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் எடுக்கிறது என்பதை லிக்கர் ரேஷியோ என்பார்கள். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-க்கு 10 என்ற மிஷினில் ஒரு டன் துணிக்கு 600 கிலோ உப்பு. 1-க்கு 6 என்ற மிஷினில் 360 கிலோ. அதே துணிதான், அதே நிறம்தான். ஒரு டன்னுக்கு 240 கிலோ உப்பும், 4000 லிட்டர் தண்ணீரும், அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் விறகும் மிச்சம். இது ஆபரேட்டரின் சாமர்த்தியத்தால் வருவதல்ல. மிஷின் வாங்கிய அன்றைக்கே முடிவாகிவிட்டது. எல்-1 மிஷின் 1-க்கு 10 என்று இருந்தால், அது ஓடுகிற வருடமெல்லாம் உப்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அப்படியானால் எப்படி வாங்குவது?

நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை ஐந்து குறிப்புகளாகத் தருகிறேன்.

1. தேவையா என்று கேட்பது. பழுது பார்த்தால் ஓடும் பொருளுக்குப் புதிது எதற்கு? வாங்காத பொருளுக்குக் கழிவே கிடையாது.

2. ஸ்பெசிபிகேஷனில் எழுதுவது. "10 எச்.பி. மோட்டார் ஒன்று" என்று எழுதினால் எது மலிவோ அது வரும். "ஐ.இ.3 அல்லது அதற்கு மேல்" என்று எழுதினால் எல்லா சப்ளையரும் அதற்குத்தான் விலை சொல்வார்கள்.

3. ஆயுட்காலச் செலவை ஒப்பிடுவது. கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்டில் கூடுதலாக இரண்டு கட்டம் போதும். ஒன்று வருடாந்திர மின்சாரம், தண்ணீர்ச் செலவு. மற்றொன்று பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பது. காலி டிரம்மும் மரப்பெட்டியும்கூட இதில் அடங்கும்.

4. சப்ளையரின் இடத்தைப் போய்ப் பார்ப்பது. துணித் தொழிலில் பெரிய பிராண்டுகள் சில 2011-ல் ஒன்றுகூடி, அபாயகரமான ரசாயனங்களை ஒழிப்பதற்கென்று ஒரு அமைப்பை உண்டாக்கின. தயாரிப்பில் சேர்க்கவே கூடாத ரசாயனங்களின் பட்டியலை அது 2014-ல் வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் பட்டியலில் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்தால் மட்டும் போதாது. கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

5. நியாயமான விலையும் அவகாசமும் கொடுப்பது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். சுத்தமான துணி வேண்டும், ஆனால் போன வருட ரேட்டைவிடக் குறைத்துக் கொடு, பத்தே நாளில் கொடு என்றால் சப்ளையர் என்ன செய்வான்? பகலில் சர்டிபிகேட் காட்டுவான், ராத்திரி வால்வைத் திறந்துவிடுவான். குற்றம் அவனுடையதுதான். ஆனால் அவனை அந்த மூலைக்குத் தள்ளியதில் வாங்கினவனுக்கும் பங்கு உண்டு.

எப்படி வாங்க வேண்டும் என்று வழிகாட்ட ஐ.எஸ்.ஓ. 20400 என்ற தரநூல் 2017-ல் வந்திருக்கிறது. இது வழிகாட்டி மட்டுமே, இதற்கென்று சர்டிபிகேட் கிடையாது. நம் நாட்டில் செபி அமைப்பு 2021-ல் கொண்டு வந்த விதிப்படி, பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் வருடந்தோறும் ஒரு அறிக்கை தர வேண்டும். வாங்கும் மூலப்பொருளில் எத்தனை சதவீதம் சுற்றுச்சூழலைக் கெடுக்காத முறையில் வாங்கப்பட்டது என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்றால் கட்டமும் வந்துதானே ஆக வேண்டும்!

"இதெல்லாம் பணக்காரக் கம்பெனிக்குச் சரி, நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எல்.இ.டி. பல்பை உதாரணம் காட்டுவேன். மத்திய அரசின் மின்துறைப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இ.இ.எஸ்.எல். கம்பெனி, லட்சக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பல்பு செய்யும் செலவே பொதுவாகக் குறைந்துவந்த காலம் அது என்றாலும், பெரிய ஆர்டரும் அதை வேகமாக இறக்கியது. சின்னக் கம்பெனிகளும் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாங்கினால், நல்ல பொருள் எட்டுகிற விலைக்கு வரும்.

பேனா யார் கையில்?

டிரெய்னிங் முடியும் நாளில் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு பர்ச்சேஸ் ஆபீசரிடம் கேட்டேன். "ஏனுங்க சார், மோட்டார் வாங்கும்போது எஃபிஷியன்ஸிக்குன்னு ஒரு கட்டம் போட்டா என்னங்க சார்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்து, முதல் தாளைக் காட்டினார். "இங்க பாரு தம்பி. இன்டென்ட்ல '10 எச்.பி. மோட்டார் ஒண்ணு, அவசரம்'னு மட்டும்தான் எழுதியிருக்கு. எழுதாத ஒண்ணுக்கு நான் ஆறாயிரம் கூடக் குடுத்து வாங்குனா, ஆடிட்ல என் சட்டையைப் புடிப்பாங்க. அதையே எழுதி அனுப்பட்டும், நான் வாங்கித் தர்றேன்."

அந்த இன்டென்டை எழுதியவர் யார் என்று பார்த்தேன். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அவரும் டிப்ளமோ படித்தவர்தான்!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்மில் எத்தனை பேர் கம்பெனிக்கு எம்.டி. ஆவோமோ தெரியாது. ஆனால் பெரும்பாலோர் சூப்பர்வைசராகவோ, ஸ்டோர்ஸ் இன்சார்ஜாகவோ, ஜூனியர் இன்ஜினீயராகவோ ஆவோம். மோட்டார், பம்ப், கம்ப்ரெசர், கேபிள், எண்ணெய், பெயின்ட் என்று நாளைக்கு இன்டென்ட் எழுதப்போவது நாம்தான். நாம் எழுதும் இரண்டு வரி சரியாக இருந்தால், மேலே உள்ளவர்கள் அதைத் தாண்டி வேறு பொருள் வாங்குவது கடினம். நாம் "அவசரம்" என்று மட்டும் எழுதினால் எல்-1 வரும்.

இதை நாம் கம்பெனிக்குப் போய்த்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்லை. நம் மாணவர் சங்கமே வருடந்தோறும் எத்தனையோ வாங்குகிறது. விளையாட்டு விழா பேனர், ஆண்டு விழா டீ கப், கேடயம், இந்த மலருக்குக் காகிதம்! ஃப்ளெக்ஸ் பேனர் மலிவு என்று வாங்குகிறோம். அது பி.வி.சி. பிளாஸ்டிக். விழா முடிந்ததும் சைக்கிள் ஷெட்டுக்குக் கூரையாகி, அப்புறம் கிழிந்து, கடைசியில் வாட்ச்மேன் கையால் எரிகிறது. தேதி எழுதாத ஒரு துணி பேனர் தைத்தால் ஐந்து வருடம் வருமே! அடுத்த வருடச் சங்கப் பொறுப்பாளர்கள் கொட்டேஷன் கேட்கும்போது ஒரு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த இரவு, ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைசி வரை கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அன்னிக்குத் துணி வாங்குனவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நம்ம தோட்டம் இருந்திருக்குமா கண்ணு?" என்றார்.

இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் இன்டென்ட் எழுதும் காலம் வரும்போது, அந்த ஒரு வார்த்தையைக் கட்டாயம் எழுதுவேன்.